மைசூர் அரசரும் நார்வே நாட்டுப் பாடகியும்

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நாம் மைசூருக்குச் சென்றால், அரண்மனையின் தீப அலங்காரத்தையும் தசரா ஊர்வலத்தையும் கண்டு வியக்கிறோம். ஆனால் அவ்வரண்மனையில் கர்நாடக வாத்திய கோஷ்டியும் மேனாட்டு பாண்டு வாத்தியமும் ஒருங்கே போற்றப்பட்டன என்பதை நம்மில் பலர் அறியோம். அவ்விரண்டையும் கேட்டு வளர்ந்தவர் ஜயசாமராஜேந்திர உடையார்.

1919-இல் பிறந்த அவர், பியானோ வாசிக்கும் கலைஞராக வேண்டுமென விரும்பினார். 1939-இல் ஐரோப்பாவிலும் சுற்றுப்பயணம் செய்தார். ஆனால் 1940-இல் தந்தையாரும், அரசராயிருந்த பெரிய தந்தையாரும் அடுத்தடுத்து மறையவே, அரசுப் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. தமக்குக் கிட்டாத மேடையை அவர் பிறருக்கு அமைத்துக் கொடுத்தார். லண்டனில் முதுமையுற்று வாழ்ந்த ருஷ்ய இசைமேதை மெட்னரின் படைப்புகள் இசைத்தட்டுகளாக வெளிவரப் பொருளுதவி செய்தார். மெட்னர் தமது மூன்றாம் பியானோ கான்செர்ட்டோவை நன்றியுடன் அவருக்கே காணிக்கையாக்கினார்.

1948-இல் ஜெர்மானிய இசைமேதை ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் நான்கு பாடல்களை இயற்றினார். அவற்றை நார்வே நாட்டுப் பாடகி கிர்ஸ்டன் பிளாக்ஸ்டட் முதன்முதலாகப் பாடவேண்டும் என்பது அவருடைய விருப்பம். அதைக் கேளாமலே 1949-இல் அவர் காலமானார். அரங்கேற்றத்தில் நஷ்டம் நேரின் ஈடுசெய்ய 4,800 டாலருக்குப் பொறுப்பேற்றவர் நம் மைசூர் உடையார்! 1950 மே 22 அன்று, லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில், பூர்ட்வெங்லர் நெறிப்படுத்திய பில்ஹார்மோனியா வாத்தியக் குழுவுடன் பிளாக்ஸ்டட் அப்பாடல்களைப் பாடினார்.

அதற்கு நான்கு திங்கள் முன்னரே மைசூரில் முடியாட்சி முடிந்து, உடையார் ராஜப்பிரமுகர் ஆகியிருந்தார். அரசு போயிற்று, இசைப்பற்று போகவில்லை. அன்றைய கச்சேரி அவருடைய இசைத்தட்டு நிலையத்திற்காகவே பதிவு செய்யப்பெற்று மைசூருக்கு அனுப்பப்பட்டது. தட்டுகள் தேய்ந்து போயினும், பின்னாளில் ஒலி செப்பம் செய்யப்பட்டதால் அக்குரலை இன்றும் நாம் கேட்க முடிகிறது.

மேனாட்டு இசையில் தோய்ந்த இவர் நம் இசையைக் கைவிட்டாரா? இல்லை. வாசுதேவாசாரியாரிடம் பயின்று, வடமொழியில் தொண்ணூறுக்கு மேற்பட்ட கீர்த்தனைகளை இயற்றினார். 1964 முதல் 1966 வரை சென்னை ராஜ்யத்தின் ஆளுநராகவும் விளங்கினார்.

அயல்மொழி வழங்கும் ஊர்களில் வாழும் நாம், அண்டைவீட்டார் பாட்டை ரசித்தால் நம் பிள்ளைகள் தமிழ்ப்பாட்டை மறந்துவிடுவரோ என அஞ்சுவதுண்டு. இரண்டு இசைக்கும் செவி கொடுத்த இம்மன்னரின் வரலாறு அவ்வச்சத்தைப் போக்கும்.