பொதுப்பெயர்களும் மக்கள் வாழ்வும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது முதுமொழி. ஒரே உலையில், ஒரே நெருப்பில் வெந்த சோற்றுக்கு அது பொருந்தும். மக்கட் கூட்டத்தையும் அவ்வாறே ஒரு பருக்கை கொண்டு பதம் பார்க்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு. முதலிற் கண்ட சிலருக்குரிய பெயரைக் கண்டிராத பலர் மீதும் ஏற்றிவிட்டால், ஏற்றியவர் மறைந்த பின்னும் அப்பெயர் நிலைத்துவிடுகிறது. இத்தகைய பொதுப்பெயர்கள் எங்ஙனம் பிறந்தன, மக்கள் வாழ்வில் யாது விளைத்தன என்பதற்கு இலங்கை வரலாறு தெளிவான சான்று தருகிறது.

இந்நாட்டு முஸ்லிம் மக்களுட் பெரும்பாலாரைத் தமிழர் சோனகர் என்பர். ஆங்கில ஆவணங்கள் மூர் என்னும். இரு பெயரும் நெடுந்தூரம் கடந்து வந்தவை. சின்னாசியாவின் மேற்குக் கரையிலே அயோனியா என்றொரு பகுதி இருந்தது. அங்கு வாழ்ந்த கிரேக்கரை முதலில் அறிந்த பாரசீகர், அப்பெயராலேயே கிரேக்கர் அனைவரையும் அழைத்தனர். அது பாரதத்திற்கு வந்து யவனர் என்றும் யோனர் என்றும் ஆயிற்று. அசோகன் கல்வெட்டுகளிலே கிரேக்க மன்னன் யோன அரசன் எனப்படுகிறான். சங்க நூல்களிலே யவனர் என்போர் மேற்றிசையிலிருந்து கலமேறி வந்தோர். பின்னர் அதே கடல்வழியில் அராபிய வணிகர் வந்தபோது, பழைய பெயர் புதியவருக்கு உரியதாயிற்று. யோனகர் என்னும் வடிவம் தமிழிலே சோனகர் என மருவிற்று.

மூர் என்ற பெயரின் வழி வேறு. வட ஆபிரிக்காவின் வடமேற்கிலே வாழ்ந்தோரை உரோமர் மவுரி என்றனர். 711ஆம் ஆண்டில் அங்கிருந்து ஐபீரியாவுட் புகுந்த முஸ்லிம்களுக்கு அப்பெயர் வழங்கிற்று. 1492இல் கிரனாடா வீழும்வரை அவர்களோடு பொருத நினைவு ஐபீரிய மக்களின் நெஞ்சில் ஆழப் பதிந்திருந்தது. 1505இல் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயர் இங்கும் முஸ்லிம் வணிகரைக் கண்டனர். தம் பழம் பகைவரின் பெயரை அவர்கள்மீது சூட்டினர். பிலிப்பைன் தீவுகளின் தெற்கிலே வாழ்ந்த முஸ்லிம்களை இசுப்பானியர் மோரோ என்றதும் இம்முறையிலேதான். பெயரோடு பகையும் வந்து சேர்ந்தது. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து சோனகரை வெளியேற்ற முற்பட்டபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுட் பலரைக் கிழக்கிலங்கையிற் குடியமர்த்தினான். ஐபீரியாவையே கண்டிராத வணிகரும் உழவரும் அந்நாட்டுப் பழம்பகைக்கு ஈடு செலுத்த நேர்ந்தது.

தமிழரும் இவ்வழக்கிற்கு விலக்கானவர் அல்லர். சிலுவைப் போர்க் காலத்தில் அராபியர் மேனாட்டார் எல்லாரையும் பிராங்கு இனத்தவர் என்றே கொண்டனர். அச்சொல் தமிழிலே பறங்கியாகிப் போர்த்துக்கேயரைக் குறித்தது. இலங்கையில் உடலெங்கும் புண்ணாகும் ஒரு நோய்க்கும் பறங்கி என்றே பெயராயிற்று. ஓர் இனத்தின் பெயர் ஒரு பிணியின் பெயராகவும் வழங்கியமை எண்ணத்தக்கது.

தமிழர் பெற்ற பெயரோ மலபார். 1498இல் கள்ளிக்கோட்டையை அடைந்த போர்த்துக்கேயர், மேற்குக் கரைக்குரிய அப்பெயரைத் தமிழ்மொழிக்கும் வழங்கினர். 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்தின் தலைப்பிலே மலபார், தமிழ் என்ற இரு சொற்களும் அருகருகே நிற்கின்றன. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் யாழ்ப்பாணத்தாரையும் மலபாரிகள் என்றே எழுதினர். 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவை தேசவழமைகளைத் தொகுத்தார். 1806ஆம் ஆண்டின் 18ஆம் பிரமாணம் அவற்றை யாழ்ப்பாண மாகாணத்து மலபார்க் குடிகளுக்குரிய சட்டமாக்கிற்று. அன்றுமுதல், சீதனமும் முதுசமும் பற்றிய வழக்குகளில், மலபார்க் குடி என்பவன் யார், கொழும்பிலே குடியேறிய தமிழன் அவ்வகையில் அடங்குவானா என்ற வினாக்களை நீதிமன்றம் தீர்க்க வேண்டியதாயிற்று. மாலுமிகளும் வணிகரும் பரப்பிய சொல்லொன்று வீட்டையும் வளவையும் தொட்டது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமை, முதுசச் சட்டமே தேசவழமைக்கு உட்பட்ட தமிழர் என்று அவர்களைத் தம் பெயரால் அழைத்தது.

அதே 1911இல் எடுத்த குடிசன மதிப்பு வேறொரு கோடு கீறிற்று. தமிழர் இலங்கைத் தமிழர் என்றும் இந்தியத் தமிழர் என்றும் இரு நிரல்களில் எழுதப்பட்டனர். எண்ணுவோர்க்கு அது வசதியான பிரிவே. ஆயின் இரண்டாம் நிரலிலே அவ்வாண்டு கப்பலில் வந்திறங்கிய தொழிலாளியும் இருந்தான். கோப்பிக் காலத்தில் வந்தவரின் பேரனாய் மலைநாட்டிலே பிறந்து, வேறு நாடு அறியாதவனும் இருந்தான். இருவரும் இந்தியரே எனப் பதிவாயினர்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இந்நாட்டிற் பிறந்தவனிடமும் தந்தை இங்கே பிறந்தமைக்கோ, பாட்டனும் முப்பாட்டனும் இங்கே பிறந்தமைக்கோ சான்று வேண்டிற்று. தோட்டத்து லயத்திலே பிறந்தோர் பலரிடம் அத்தகைய பத்திரம் எங்கே இருக்கும்? பல இலட்சம் மக்கள் நாடற்றவராயினர், வாக்குரிமையும் இழந்தனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என வகுத்து, 1,50,000 பேரைப் பின்னர் தீர்மானிக்க விட்டது. எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை வழங்க 2003இலேதான் சட்டம் வந்தது. இன்று அவர்கள் தம்மை மலையகத் தமிழர் என்கின்றனர். தாம் பிறந்து வாழும் மண்ணையே தம் பெயருக்கு முதலாக்கியுள்ளனர்.

பொதுப்பெயர் இன்றி வரலாறு எழுதுதல் இயலாது. சட்டம் இயற்றுதலும் இயலாது. ஆதலின் அவற்றை ஒழித்தல் வழியன்று. ஒரு பொதுப்பெயரைக் கேட்குந்தோறும், இதை இட்டவர் யார், எக்காலத்தில் இட்டார், இதனுள் அடைபட்டவர் எத்தகையோர் என்று வினவிப் பழகுதலே வேண்டுவது. சோற்றுப் பருக்கைக்குப் பேச வாயில்லை. மனிதருக்கு உண்டு, அவரை அவர் வாயாலேயே கேட்டறிதல் அறிவுடைமை.