வாழ்வின் எழுச்சிச் சட்டமும் முதலமைச்சர் நிதியமும்

போருக்குப் பின் யாழ்ப்பாணக் குடாநாடு உள்ளிட்ட வட மாகாணத்தின் பொருளாதார மேம்பாட்டுக்கு மத்தியும் மாகாணமும் முன்வைத்த இரு சட்ட வழிகள்.

மத்தியின் வாழ்வின் எழுச்சி (திவிநெகும) சட்டமூலம், சமுர்த்தி அதிகார சபையையும் தெற்கு, மலையக அபிவிருத்தி அதிகார சபைகளையும் ஒரே திணைக்களமாக்க முன்மொழிந்தது. வீட்டுத்தோட்டத்துக்கு விதை, கன்று, சிறுதொழிலுக்குக் கடன் என உதவி வீடுவரை போனது. அதிகாரமோ கொழும்பில் குவிந்தது. சட்டமூலத்துக்கு மாகாண சபைகளின் இசைவு தேவைப்பட்டது; தேர்ந்தெடுக்கப்பட்ட சபையே இல்லாத வடக்குக்காக ஆளுநர் தந்த இசைவைத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் நாடாளுமன்ற உறுப்பினர் மாவை சேனாதிராசா எதிர்த்தார். அந்த இசைவு செல்லாதென்றது உயர் நீதிமன்றம் (2012). ஆயினும் 2013 ஜனவரியில் சட்டம் நிறைவேறியது.

அதே ஆண்டு செப்டெம்பர்த் தேர்தலில் 38இல் 30 இடங்களை வென்று அமைந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் மாகாண சபை, நன்கொடை திரட்ட முதலமைச்சர் நிதிய நியதிச்சட்டத்தைக் கொண்டுவந்தது. நிதி சார்ந்த நியதிச்சட்டத்துக்கு ஆளுநரின் பரிந்துரை வேண்டும் என்கிறது 1987ஆம் ஆண்டின் மாகாண சபைகள் சட்டம். அதிகாரப் பகிர்வின் பெரிய ஓட்டை இதுவே.

முதலமைச்சர் நிதிய நியதிச்சட்டத்துக்கு ஆளுநர் ஜி.ஏ. சந்திரசிறி இசையவில்லை.