கடல் தடுத்த தாய்வீடு: பினாங்குத் தமிழரும் மருத்துவச்சியரும்

திருச்சிராப்பள்ளி மலையில் உறையும் இறைவனுக்குத் தாயுமானவர் என்பது திருப்பெயர். வணிகர் குலத்துப் பெண்ணாகிய இரத்தினாவதி பேறுகால வேதனையுற்றிருக்கிறாள். அவளுக்குத் துணையிருக்கப் புறப்பட்ட தாய், காவிரியில் பெருகிய வெள்ளத்தால் அக்கரையிலேயே தடைப்பட்டு நிற்கிறாள். அந்நிலையில் இறைவனே அத்தாயின் உருக்கொண்டு வந்து மகப்பேறு பார்த்தான் என்பது தலபுராணச் செய்தி. தலைப்பேற்றின்போது தாய் அருகில் இல்லாமை எத்துணைப் பெரிய குறையாகக் கருதப்பட்டது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. அரசனைக் காக்கவோ அசுரனை அழிக்கவோ அன்றி, ஓர் ஏழைத் தாயின் கடமையை ஏற்க இறைவன் இறங்கி வந்ததாகக் கதை கட்டிய சமுதாயம் அது.

காவிரி வெள்ளம் சில நாளில் வடிந்துவிடும். வங்கக் கடல் வடிவதில்லை. 1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றிய நாள்தொட்டுத் தமிழர் இங்கு வந்து குடியேறினர். நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால் முதலிய துறைகளிலிருந்து கப்பல்கள் வந்தன. சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுதோறும் 1300 முதல் 2000 ஆடவர் வரை வந்து போவதாக லைட்டே 1790களில் குறித்துள்ளார். ஆடவர் என்ற சொல்லை இங்கே கருத்திற் கொள்ளுதல் வேண்டும். பெண்கள் அக்கணக்கில் இல்லை. தமிழ் முஸ்லிம் வணிகர் பலர் இத்தீவின் மலாய்ப் பெண்களை மணந்தனர். ஜாவிப் பெக்கான் எனப்பட்ட கலப்பு மரபு அவ்வாறு தோன்றியது. எனவே பினாங்குத் தமிழ்க் குடும்பங்களின் முதல் தலைமுறைப் பிள்ளைகளுள் பலரை இவ்வுலகிற்கு வரவேற்ற கைகள் மலாய் மருத்துவச்சியின் கைகளே எனக் கொள்ளுதல் பொருந்தும். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் வரலாற்றையும் குவீன் தெரு மாரியம்மன் கோயிலின் வரலாற்றையும் எழுதியோர் பலர். அக்கைகளின் வரலாற்றை எழுதியோர் மிகச் சிலர்.

தமிழகத்துச் சிற்றூர்களில் மகப்பேறு பார்த்தவர் பெரும்பாலும் நாவிதர் குலத்துப் பெண்டிரே. அக்குலத்து ஆடவர் கட்டி கீறுதல் முதலிய இரண வைத்தியம் செய்தனர். அவர்தம் மனைவியர் பேறு பார்த்தனர். மருத்துவர் என்பதே அவர்களுக்கு வழங்கிய குலப்பெயர்களுள் ஒன்று. ஊரில் பிறந்த ஒவ்வொரு பிள்ளையையும் முதலில் ஏந்தியவளைத் திண்ணையில் ஏற்றாத வழக்கமும் அதே ஊர்களில் இருந்தது. இம்முரண்பாட்டை நம் முன்னோர் உணர்ந்ததாகத் தெரியவில்லை. கடல் கடந்து வந்தபோது இக்குலவழிப் பணி முழுமையாகக் கப்பலேறவில்லை. தோட்டங்களின் லயன்களிலும் நகரின் ஒண்டுக் குடித்தனங்களிலும் பிள்ளை பெற்று அனுபவப்பட்ட மூதாட்டி எவரோ, அவரே மருத்துவச்சி ஆனார். அங்குக் குலம் பின்னுக்குத் தள்ளப்பட்டது. தேவை முன்னுக்கு வந்தது.

செபராங் பிறையில், அந்நாளில் வெல்லெஸ்லி மாநிலம் எனப்பட்ட பகுதியில், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கரும்புத் தோட்டங்கள் பெருகின. பத்து காவான், கலிடோனியா முதலியன அவற்றுட் குறிப்பிடத்தக்கவை. ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் கொண்டுவரப்பட்டனர். ஒப்பந்தமுறை 1910இல் ஒழிந்தது; கங்காணி முறை தொடர்ந்தது. கரும்பு போய் இரப்பர் வந்தது. பெண்கள் வரத்து மிகுந்தது. மிகவே, தோட்ட நிருவாகம் அதுவரை எண்ணிப் பாராத ஒன்றை எண்ண வேண்டியதாயிற்று. பால்மரம் வெட்டும் பெண் கருவுற்றால் யார் பார்ப்பது? தோட்ட மருத்துவமனையில் டிரெஸ்ஸர் இருந்தார், அவர் ஆடவர். 1920களின் தொழிலாளர் சட்டங்கள் பேறுகாலப் படியை முதலாளிமீது கடமையாக்கின. ஆயாக் கொட்டகையும் வந்தது. சட்டம் இருந்தது உண்மை. அதனால் வலி கண்ட பெண் டிரெஸ்ஸரை அழைத்தாள் என்று கருதிவிடுதல் கூடாது. அவள் அழைத்தது லயத்துக் கிழவியைத்தான்.

அக்கிழவி என்ன செய்தாள்? வலி காண்பதற்கு முன்பே வந்து வயிற்றைத் தடவிப் பிள்ளையின் நிலை அறிந்தாள். விளக்கெண்ணெய் கொடுத்தாள். பேற்றுக்குப்பின் நஞ்சுக்கொடி விழும்வரை காத்திருந்தாள்; கொடியைப் புதைத்தாள். வாயிலில் வேப்பிலை செருகினாள். சுக்கும் மிளகும் கருப்பட்டியும் சேர்த்துக் காயமருந்து கிளறினாள். பால் சுரக்கச் சுறாப்புட்டும் பூண்டும் கொடுக்கச் சொன்னாள். தீட்டுக் கழியும்வரை வந்து தாயையும் சேயையும் குளிப்பாட்டினாள். மலாய்க் கம்பத்தில் பீடான் எனப்படும் மருத்துவச்சியும் ஏறத்தாழ இதனையே செய்தாள். ஏழாம் மாதத்தில் வயிற்றை அசைத்துச் செய்யும் சடங்கு நம் வளைகாப்பை நினைவூட்டும். பேற்றுக்குப்பின் 44 நாள் பந்தாங் எனும் விலக்கு உண்டு. சூடேற்றிய கல்லைத் துணியில் சுற்றி வயிற்றில் ஒற்றுவர். நீண்ட துணியால் வயிற்றை இறுகக் கட்டுவர். புண் ஆற விரால் மீன் கொடுப்பர். சீனர் வீட்டில் ஒரு திங்கள் காப்பு. இஞ்சியும் நல்லெண்ணெயும் அரிசி மதுவும் சேர்த்த கோழி. மூவினத்தாரும் ஒரே கருத்தைக் கொண்டிருந்தனர். பிள்ளை பெற்றவள் உடலில் குளிர் புகலாகாது, அவளுக்குச் சூடு வேண்டும், ஓய்வு வேண்டும், அவளை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். சமயமும் மொழியும் வேறான மக்கள் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்த ஜார்ஜ் டவுனில், இம்மருந்துப் பொருள்கள் ஒரே கடைத்தெருவில் விற்கப்பட்டன.

இவற்றையெல்லாம் பொற்காலமாகப் போற்றுவது எளிது, அது உண்மையாகாது. தொப்புள்கொடியை மூங்கிற் சிம்பால் அறுத்து, அறுத்த இடத்தில் சாம்பலோ மஞ்சளோ வைக்கும் பழக்கம் பல பச்சிளங் குழந்தைகளுக்கு இசிவு நோயைக் கொணர்ந்தது. குறுக்கே கிடந்த பிள்ளைக்கும் நில்லாத உதிரத்திற்கும் கிழவியிடம் மருந்தில்லை. ஆயினும் குற்றம் முழுவதையும் அவள் தலையில் ஏற்றிய ஐரோப்பிய மருத்துவர்தம் நாட்டு வரலாறு வேறொன்று சொல்கிறது. வியன்னாப் பொது மருத்துவமனையில் இரு பேறுகாலப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர் பேறு பார்த்தனர். மற்றொன்றில் மருத்துவச்சியர் பார்த்தனர். 1846ஆம் ஆண்டில் மாணவர் பிரிவில் நூற்றுக்குப் பதினொருவருக்குமேல் தாய்மார் இறந்தனர். மருத்துவச்சியர் பிரிவில் மூவருக்கும் குறைவே. பிணம் அறுத்த கையோடு மாணவர் பேறு பார்க்க வந்ததே காரணம் என்று செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் 1847இல் கண்டறிந்து, கைகழுவச் செய்தார். சாவு வெகுவாகக் குறைந்தது. அவர் கூற்றை அக்காலப் பெருமருத்துவர் பலர் ஏற்கவில்லை. தூய்மை என்பது கிழவிக்கு மட்டும் தெரியாத பாடம் அன்று.

அறிவைத் தமிழிலேயே தர முயன்ற ஒருவரையும் இங்குக் குறிப்பிடுதல் தகும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீன், மோன்செல் என்பாரின் மகப்பேற்று நூலைத் தமிழாக்கி 1857இல் வெளியிட்டார். 1860களில் மருத்துவக் கல்வியையே தமிழில் நடத்திக் காட்டினார். தமிழில் அறிவியல் கற்பித்தல் இயலுமா என்று இன்றும் வினவுவோருக்கு அந்நூல் விடையாக நிற்கிறது. ஆயின் அதனைப் படித்தவர் ஆண் மாணவரே. ஊர் மருத்துவச்சிக்கு எழுத்தறிவு இல்லை. அவளுக்கு எழுத்தறிவிக்க எவரும் முன்வரவில்லை. சென்னையில் 1844இல் தொடங்கிய பேறுகால மருத்துவமனை, பின்னர் எழும்பூருக்கு மாறி, பெண்களை மருத்துவச்சிகளாகப் பயிற்றுவித்தது. யாழ்ப்பாணத் தமிழர் பலர் மலாயா மருத்துவமனைகளில் டிரெஸ்ஸர்களாகவும் பிற பணியாளர்களாகவும் வந்து சேர்ந்தனர். லயத்துக் கிழவிக்கும் இவர்களுக்கும் இடையே இருந்த தொலைவு, நாகப்பட்டினத்திற்கும் பினாங்கிற்கும் இடைப்பட்ட தொலைவினும் குறைந்ததன்று.

இங்கிலாந்தில் மருத்துவச்சிகள் சட்டம் 1902இல் இயற்றப்பட்டது. அதனைத் தழுவி 1910களில் பினாங்கையும் உள்ளிட்ட ஜலசந்திக் குடியேற்ற நாடுகளிலும் பதிவுமுறை புகுந்தது. பயிற்சி பெற்றவர் பதிவு பெற்றார். நகரத் தெருக்களில் பதிவு பெற்ற மருத்துவச்சியர் வீடு வீடாகச் சென்று பேறு பார்த்தனர். மருத்துவமனை என்றாலே சாகப்போகும் இடம் என்று அஞ்சிய பெண்களுக்கு, வீட்டுக்கே வரும் இவர்கள் இடைப்பாலமாயினர்.

பெருமாற்றம் 1950களில் தொடங்கியது. நாட்டுப்புறச் சுகாதாரத் திட்டத்தின்படி 50,000 மக்களுக்கு ஒரு தலைமைச் சுகாதார நிலையம், நான்கு துணை நிலையங்கள், இருபது மருத்துவச்சி நிலையங்கள் என வகுக்கப்பட்டது. மருத்துவச்சியின் குடியிருப்பும் நிலையமும் ஒரே கட்டடம். நள்ளிரவில் கதவைத் தட்டினால் அவள் எழுந்து வருவாள் என்பதே இத்திட்டத்தின் உயிர்நிலை. 1966ஆம் ஆண்டின் மருத்துவச்சிகள் சட்டம் பயிற்சியற்றோர் புதிதாகத் தொழிலில் புகுவதைத் தடுத்தது. ஆனால் ஏற்கெனவே தொழில் செய்துவந்த கம்பத்து மருத்துவச்சியருக்குப் பதிவு பெற வழி விட்டது. அவர்களைப் பகைக்காமல் அழைத்துப் பேசி, தூய்மையாகக் கொடியறுக்கக் கற்பித்து, சிக்கலான பேற்றை உடனே அனுப்பிவைக்கப் பழக்கினர். மலாயாப் பல்கலைக்கழகத்து டாக்டர் பால் சென் போன்றோர் இக்கூட்டுறவை ஆய்ந்து வலியுறுத்தினர். பேறு பார்ப்பது அரசு மருத்துவச்சி. சடங்கும் எண்ணெய்த் தடவலும் பீடானுக்கு உரியவை எனப் பணி பிரிந்தது. மலேசியா மேற்கொண்ட சுகாதார முடிவுகளுள் மிக விவேகமானது இதுவே எனலாம். 1950இல் ஓரிலட்சம் உயிர்ப்பிறப்புக்கு ஏறத்தாழ 534 தாய்மார் இறந்தனர். 1957இல் அது ஏறத்தாழ 282 ஆயிற்று. 1990களில் இருபதை ஒட்டி இறங்கியது. பெனிசிலினும் குருதியேற்றமும் சாலைகளும் இதற்குத் துணைநின்றன. அவற்றின் வாயிலுக்குப் பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்தவள் மருத்துவச்சி.

தமிழரைப் பொறுத்தவரை இவ்வரலாற்றில் இன்னொரு பக்கம் உண்டு, அது கசப்பானது. தனியார் தோட்டங்கள் அரசின் நாட்டுப்புறத் திட்டத்திற்கு அப்பாற்பட்டிருந்தன. கம்பத்துக்கு வந்த மருத்துவச்சி நிலையம் லயத்துக்கு வரவில்லை. அது தோட்ட நிருவாகத்தின் பொறுப்பு எனப்பட்டது. லயத்தில் கிழவி கையில் பிறந்த பிள்ளையின் பிறப்பைப் பதிவு செய்யக் கல்வியறிவற்ற பெற்றோர் பல சமயம் தவறினர். பிள்ளை பிறந்தது அமாவாசைக்கு மறுநாள் என்பதைக் கிழவி அறிவாள். அலுவலகம் அமாவாசையை ஏற்காது. 1957இல் நாடு விடுதலை பெற்றபின் குடியுரிமைக்குப் பிறப்புச் சான்று வேண்டியதாயிற்று. 1962ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப்பின் இம்மண்ணில் பிறந்தமை மட்டும் போதாதென்றாயிற்று. 1969க்குப்பின் குடியுரிமை அற்றோர் வேலை செய்ய உரிமம் பெற வேண்டியிருந்தபோது, பல்லாயிரம் தமிழர் பினாங்குத் துறையில் கப்பலேறித் தாம் அறியாத ஊர்களுக்குத் திரும்பினர். அவர்களுள் இங்கேயே பிறந்து, பிறந்ததற்குச் சான்றில்லாதாரும் இருந்தனர். அவர்கள் பிறப்புக்கு இருந்த ஒரே சாட்சி, கைநாட்டு வைக்கவும் அழைக்கப்படாத ஒரு மருத்துவச்சி. நஞ்சுக்கொடி புதைந்த மண் இது என்று அவர்கள் சொன்ன சொல் எந்தப் படிவத்திலும் எழுதுவதற்கு இடம் பெறவில்லை.

1970களில் திட்டம் மாற்றியமைக்கப்பட்டது. மருத்துவச்சி நிலையங்கள் கிராமச் சுகாதார நிலையங்களாயின. மருத்துவச்சியர் மேற்பயிற்சி பெற்றுச் சமுதாயத் தாதியராயினர். பினாங்கை அடுத்த பேராக் மாநிலத்துக் கிரியான் மாவட்டத்தில், 1970களின் இறுதியில், கருவுற்ற பெண்களின் அட்டையில் ஆபத்தின் அளவுக்கேற்ப நிறக்குறி இடும் முறை சோதித்துப் பார்க்கப்பட்டது. சிவப்புக்குறி பெற்றவள் உடனே மருத்துவமனைக்கு. வெள்ளைக்குறி பெற்றவளைத் தாதியே கவனிக்கலாம். எவரை அனுப்புவது, எவரை வைத்துக்கொள்வது என்ற பழைய மருத்துவச்சியின் கைக்கணக்கே அங்கு நிறம் பெற்றது. பின்னர் அம்முறை நாடு முழுவதும் பரவியது. அமெரிக்க மானிடவியலாளர் கேரல் லேடர்மன் 1970களில் திரெங்கானுவில் ஒரு பீடானிடம் மாணவியாயிருந்து கற்று, 1983இல் நூலாக்கினார். பினாங்கின் தமிழ் மருத்துவச்சியருக்கு அத்தகைய மாணவி வாய்க்கவில்லை. 2008இல் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகரானது. கோயில்களும் குலமன்றங்களும் கடைவீடுகளும் பட்டியலிடப்பட்டன. வீட்டுக்கு வீடு நடந்த கால்களுக்குக் கட்டடம் இல்லாமையால் பட்டியலில் இடமும் இல்லை.

இன்று பினாங்கில் பிள்ளைகள் மருத்துவமனையில் பிறக்கின்றன. தாய் வீடு திரும்பியதும் சுகாதார நிலையத்துத் தாதி குறித்த நாள்களில் வீட்டுக்கே வருகிறார். குழந்தையின் தொப்புளைப் பார்க்கிறார்; தாயின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார்; இளஞ்சிவப்புப் புத்தகத்தில் குறித்துக்கொள்கிறார். உள்ளே அடுப்பில் காயமருந்து கொதிக்கிறது. தாதி மலாய்ப் பெண்ணாயிருந்தால், அதில் என்னென்ன சேர்த்தீர்கள் என்று பாட்டியிடம் கேட்டுவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் புறப்படுகிறார்.