பூஜாங் பள்ளத்தாக்கு: ஆளில்லாமல் போன கடாரம்

"சோழன் தாக்கினான், கடாரம் அழிந்தது." தேர்வுத்தாளில் இப்படி ஒரே வரியில் முடிக்கிற மாணவர்கள் நிறைய. கொஞ்சம் பொறுங்க. 1025-இல் இராசேந்திரனின் கடற்படை வந்தது உண்மை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே சொல்கிறது. ஆனா, பெங்காலான் பூஜாங்கில் தோண்டி எடுத்த சீனப் பீங்கான் ஓடுகளில் பல 12, 13-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அதாவது, படையெடுப்புக்குப் பிறகும் இங்கே கப்பல் வந்திருக்கு, வியாபாரம் நடந்திருக்கு.

அப்புறம் ஏன் ஊர் காலியானது? ஆற்றில் வண்டல் சேர்ந்து கரை மேற்கே நகர்ந்தது. வணிகமும் வேறு துறைமுகங்களுக்குப் போனது. போர் மாதிரி இது சட்டென்று நடப்பதில்லை, அதனால்தான் யாரும் எழுதுவதில்லை.

மெர்போக் அருங்காட்சியகம் போனால், புக்கிட் பத்து பகாட் சண்டியைப் பாருங்க. விமானம், மண்டபம் எல்லாம் அடித்தளம் மட்டுமே. சுவரையும் கூரையையும் தேடாதீங்க. தூண் நின்ற கல் ஆதாரங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்க. மேலே இருந்தது மரம், மக்கிப்போச்சு. 1936-37-இல் குவாரிட்ச் வேல்ஸ் தம்பதியர் இப்பகுதியில் ஆராய்ந்து, ஒவ்வோர் இடத்துக்கும் எண் கொடுத்தார்கள்.

அந்த எண்களில் 11-ஆவது சண்டி இப்போது இல்லை. தனியார் நிலத்தில் இருந்த அதை 2013-இல் வீடமைப்புக்காக இடித்துவிட்டார்கள். ஆயிரம் ஆண்டு வெயிலையும் மழையையும் தாங்கிய கற்கள் அவை. அரசிதழில் அந்த இடம் பாதுகாக்கப்பட்ட தலமாக அறிவிக்கப்படவில்லை.