67 கோடிக்கு ஒரு ஓவியம்... அப்படி என்னதான் இருக்கு அதுல? ஈஞ்சம்பாக்கத்தில் கிடைக்கும் பதில்

ஊரப்பாக்கத்தில் ஒரு டபுள் பெட்ரூம் ஃபிளாட் 50 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அப்படி 134 ஃபிளாட் வாங்கக்கூடிய பணத்தை ஒரே ஒரு ஓவியத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். 2025 செப்டம்பரில் டெல்லியில் ஸாஃப்ரன்ஆர்ட் நிறுவனம் நடத்திய ஏலத்தில், வி.எஸ்.கெய்தொண்டே 1970-ல் வரைந்த ஓவியம் 67.08 கோடி ரூபாய்க்குப் போனது. ஓவியத்துக்குத் தலைப்புகூட கிடையாது. மனுஷன் இல்லை, மரம் இல்லை, மாடு இல்லை. வண்ணம் மட்டும்தான்.

இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் எழும் கேள்வி: "இதை எங்க வீட்டுப் பிள்ளைகூட வரையுமே, இதுக்கா இவ்வளவு காசு?" நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று விலை பற்றியது, இன்னொன்று ஓவியம் பற்றியது.

விலை எப்படி இவ்வளவு ஏறுது?

ஏலத்தில் விலையை முடிவு செய்ய இரண்டு பணக்காரர்கள் போதும். இருவருக்கும் அதே பொருள் வேணும், இருவரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஆர்டிஓ ஆபீஸில் ஃபேன்ஸி நம்பருக்கு லட்சக்கணக்கில் கொடுப்பவரை யாரும் "அந்த நம்பரில் அப்படி என்ன இருக்கு?" என்று கேட்பதில்லை. அவர் வாங்குவது, வேறு யாரிடமும் இல்லாத ஒன்றை.

கெய்தொண்டே விஷயத்தில் சரக்கு ரொம்பக் குறைவு. ரோலரையும் கத்தியையும் வைத்து, வண்ணத்தை அடுக்கடுக்காக ஏற்றி, சுரண்டி, மறுபடி ஏற்றி, நிதானமாக வேலை செய்தவர். வருஷத்துக்கு ஒரு சில படங்கள்தான். 2001-ல் இறந்துவிட்டார், இனிமேல் புதுசாக ஒன்றும் வராது. 2013-ல் மும்பையில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அவருடைய ஓவியம் ஒன்று 23.7 கோடிக்குப் போனது. அடுத்த வருஷமே நியூயார்க் குக்கன்ஹைம் அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. 2021-ல் இன்னொரு படம் 39.98 கோடி. இப்போது 67 கோடி.

இது அரூப ஓவியத்துக்கு மட்டும் நடப்பதும் இல்லை. எம்.எஃப்.ஹுசைனின் 'கிராம யாத்ரா'வில் கிராமத்து மனிதர்கள் தெளிவாகவே தெரிகிறார்கள். அது 2025 மார்ச்சில் 1.37 கோடி டாலருக்கு, அதாவது நம்ம காசில் சுமார் 118 கோடிக்குப் போனது. அதற்கு மட்டும் "எங்க வீட்டுப் பிள்ளைகூட" என்று யாரும் சொல்லவில்லை. (சுவரில் டேப் போட்டு ஒட்டிய வாழைப்பழம் 2024-ல் 62 லட்சம் டாலருக்கு விற்றதே, அது அரூப ஓவியமே இல்லை. ஓவியமே இல்லை. அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.)

வரையத் தெரியாமல் கிறுக்குகிறார்களா?

கே.எம்.ஆதிமூலத்தைத் தமிழ் வாசகர்களுக்குத் தெரியும். கி.ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்குப் படம் போட்டவர். 1969-ல் காந்தி நூற்றாண்டையொட்டி 100 காந்தி ஓவியங்கள் வரைந்தவர். நாலு கோட்டில் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தும் கை அது. அதே கைதான் பிறகு உருவத்தை விட்டுவிட்டு, வெறும் வண்ணப் பரப்புகளுக்குப் போனது. வரையத் தெரியாதவர் செய்த வேலை இல்லை.

உருவமில்லாத படம் நமக்கு அந்நியமும் இல்லை. வாசலில் போடும் சிக்குக் கோலத்தைப் பார்த்து "இது என்ன உருவம்?" என்று யாரும் கேட்பதில்லை. புள்ளி தப்பினால் மட்டும் பக்கத்து வீட்டு அக்கா உடனே கண்டுபிடித்துவிடுவார்.

அதற்காக மாட்டிவைத்த ஒவ்வொரு வண்ணத் திட்டுக்கும் கும்பிடு போட வேண்டியதில்லை. உருவம் வரையும் மோசமான ஓவியர்கள் இருப்பதுபோல, அரூபம் வரையும் மோசமான ஓவியர்களும் உண்டு. கேலரியில் யாருக்கும் விளங்காத விளக்கக் குறிப்பு ஒட்டுவது, புரியாவிட்டாலும் தலையாட்டுவது, இதெல்லாம் நடக்கத்தான் செய்கிறது. பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லலாம், தப்பில்லை.

ஈஞ்சம்பாக்கத்தில் என்ன நடந்தது?

படம் விற்று சாப்பிட முடியாது என்பது சென்னை ஓவியர்களுக்கு 60 வருஷத்துக்கு முன்பே தெரியும். அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ்.பணிக்கர், ஜாதகக் கட்டம், எண்கள், படிக்கவே முடியாத எழுத்துகள் என்று வைத்து 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்களை வரைந்தவர். அவரும் அவருடைய மாணவர்களும் பாட்டிக் துணி, தோல், உலோகக் கைவினைப் பொருட்கள் செய்து விற்றார்கள். அந்தக் காசில் சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கி, 1966-ல் 'சோழமண்டலம்' ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். கைத்தொழில் சோறு போட்டது. அதனால் வாங்குபவர் முகத்தைப் பார்க்காமல் ஓவியம் வரைய முடிந்தது. (அன்று வெறும் மணலாகக் கிடந்த ஈசிஆர் நிலம் இன்று என்ன விலை என்பது வேறு கதை.)

ஓவியருக்கு எவ்வளவு?

கெய்தொண்டே படம் 67 கோடிக்குப் போனபோது அவர் இறந்து 24 வருஷம் ஆகியிருந்தது. ஏலப் பணம் படத்தைக் கையில் வைத்திருந்தவருக்கும் ஏல நிறுவனத்துக்கும் போகும். ஆனால் பலரும் கவனிக்காத ஒரு சட்டப் பிரிவு இருக்கிறது. காப்புரிமைச் சட்டம் 53ஏ. மூல ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால், ஓவியரோ அவருடைய வாரிசுகளோ அந்த விலையில் பங்கு கேட்கலாம். எத்தனை சதவீதம் என்று சட்டம் சொல்லவில்லை, உச்சவரம்பு மட்டும் 10 சதவீதம். ஒரு லட்சத்துக்கு விற்ற படம் பிறகு ஒரு கோடிக்குப் போனால், 10 லட்சம் வரை கேட்க வழி இருக்கிறது. வீட்டில் ஓவியர் இருந்தால் இந்தப் பிரிவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் விற்பனையின் பில்லையும் பத்திரமாக வையுங்கள்.

நேரில் பார்க்கணுமா? ஊரப்பாக்கத்திலிருந்து தாம்பரம், மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக அக்கரை போய், ஈசிஆரில் வடக்கே திரும்பினால் ஈஞ்சம்பாக்கம். சோழமண்டலத்தில் 2009-ல் திறந்த அருங்காட்சியகத்தில் பணிக்கர் உள்பட 'மெட்ராஸ் இயக்க' ஓவியர்களின் படங்கள் இருக்கின்றன. கிளம்பும் முன் திறந்திருக்கும் நேரத்தை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.