நடையும் காதலும்

ஆணை நேசிக்கும் ஆண் என்றால் நம் சினிமா நகைச்சுவைக்கு ஒரு நடைதான்: இடுப்பை ஒடித்து, கையை மடக்கி. கூத்திலிருந்து வந்தது என்று சமாதானம் சொல்வார்கள். தாமிரபரணிக் கரையில் சுடலைமாடன் கொடையில் கணியான் கூத்து பார்த்தவன் இதை ஏற்கமாட்டான். மகுடத்தின் அடிக்கு ஆடும் பெண்வேஷக்காரர்களுக்கு வேஷம் தொழில். அது அவர்கள் ஆசையைப் பற்றிய தகவல் அல்ல. இரண்டையும் குழப்பியது சினிமா.

இந்த நடை இல்லாமலும் சிரிக்கவைக்கலாம். 1989இல் தொடங்கிய அமெரிக்க கார்ட்டூன் தொடர் 'தி சிம்ப்ஸன்ஸ்'. அதில் ஸ்மிதர்ஸ், அணுமின் நிலைய முதலாளியின் உதவியாளன். முதலாளிமேல் அவனுக்குள்ள காதல் வெகுகாலம் விசுவாசமாகவே வேஷம் கட்டியிருந்தது. மேலதிகாரியின் நாற்காலிக்குப் பின்னால் நின்று பழகிய என்னைப் போன்ற குமாஸ்தாவுக்கு இதில் சிரிப்பு மட்டும் வருவதில்லை. தொடர் அதை வெளிப்படையாகப் பேச 2016 ஆயிற்று. 1997இல் வந்த ஓர் அத்தியாயம் இன்னும் துணிச்சலானது. இயக்குநர் ஜான் வாட்டர்ஸ் (அவரும் ஆணை நேசிப்பவர்தான்) குரல் கொடுத்த பாத்திரத்தைக் கண்டு, மகன் கெட்டுவிடுவானென்று ஹோமர் பதறுகிறான். சிரிப்பு அந்தப் பதற்றத்தின்மேல் விழுகிறது. எம்மி பரிசும் கிடைத்தது.

தமிழில் கரிச்சான் குஞ்சு 'பசித்த மானிட'த்தில் (1978) ஆண்களின் உறவை எழுதினார். அங்கே சிரிக்க ஒன்றுமில்லை. வெங்கட் பிரபுவின் 'கோவா' 2010இல் வந்தது, தில்லி உயர்நீதிமன்றம் 377ஆம் பிரிவைத் தளர்த்திய மறுவருஷம். சம்பத்தும் அரவிந்த் ஆகாஷும் அதில் ஜோடி. கேலி உண்டு, ஆனாலும் ஜோடி என்று ஒப்புக்கொள்கிறது படம். ஒப்புக்கொள்வது கோவாவில். கதாநாயகர்கள் ஓடிவந்த பண்ணைப்புரத்தில் அல்ல. பாளையங்கோட்டையில் வாடகைக்கு வீடு பிடித்துக் குடியிருக்கும் ஆண் ஜோடியை எந்த நகைச்சுவைப் படத்திலும் நான் இன்னும் பார்க்கவில்லை.