பாயும் பாய்மரமும்: பொலினீசியத் தாழையின் வரலாறு

தரையில் விரிப்பதையும் மரக்கலத்தில் கட்டுவதையும் தமிழர் 'பாய்' என்ற ஒரே சொல்லால் வழங்குகிறோம். பசிபிக் பெருங்கடலின் பொலினீசியத் தீவுகளில் அவ்விரண்டும் ஒரே இனச் செடியின் ஓலையால் முடையப்பட்டன. அது கடற்கரை மணலில் தாங்குவேர் ஊன்றி நிற்கும் தாழை. சமோவாவில் அதன் பெயர் ஃபாலா, தஹிட்டியில் ஃபாரா, ஹவாயில் ஹாலா. நம் நாவில் பழகிய 'பண்டான்' என்னும் மலாய்ச் சொல்லும் இவற்றோடு ஒரே மூலத்தில் கிளைத்தது என்பர் மொழிநூலார். சமோவ மொழியில் ஃபாலா என்பது செடியையும் குறிக்கும், பாயையும் குறிக்கும்.

ஹவாய்க்குத் தாழையைக் கொண்டுவந்தோர் முதற் குடியேறிகளே என்று கருதியோர் உண்டு. 1993ஆம் ஆண்டில் கவாய் தீவின் ஹனாலே பகுதியில், எரிமலைப் பாறையொன்றில் தாழையின் புதைபடிவம் கண்டறியப்பட்டது. அப்பாறையின் வயது ஏறத்தாழ 12 இலட்சம் ஆண்டு. ஆகவே, குடியேறியோர் தாம் முன்பே அறிந்த செடியைப் புதிய கரையிலும் கண்டனர் எனலாம்.

ஓலையின் முள் விளிம்பை நீக்கி, உலர்த்தி, சுருட்டிப் பதப்படுத்தி, கீற்றுகளாகக் கிழித்துப் பாய், கூடை, கலப்பாய் ஆகியவற்றை முடைந்தனர். ஹவாயில் பழச்சுளைகளை மாலையாகக் கோத்தனர்; உலர்ந்த சுளையின் நார்முனை மரப்பட்டைத் துணியில் வண்ணம் தீட்டும் தூரிகையாயிற்று.

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியரின் கித்தான் துணி பரவியதும் ஓலைக் கலப்பாய் வழக்கொழியத் தொடங்கியது. தரைப்பாயோ நிலைத்தது. காரணத்தைச் சமோவாவின் நுண்பாய் விளக்குகிறது. மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில், மகளிர் முடையும் அப்பாய் படுப்பதற்கன்று. திருமணத்திலும் இறுதிச் சடங்கிலும் குலத்தலைவர் பட்டமேற்பிலும் அது கைமாறும். பெருங்குற்றம் நேர்ந்தால், குற்றவாளியின் குலத்தலைவர் அப்பாயைப் போர்த்திக்கொண்டு, பாதிக்கப்பட்டோர் வீட்டுமுன் அமர்ந்து மன்னிப்பு வேண்டுவார். அவர்கள் பாயை விலக்கினால் பகை தீரும். 2019இல் யுனெஸ்கோ இந்நுண்பாயை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

கலப்பாயின் பணியைத் துணி ஏற்றுக்கொண்டது. மன்னிப்பு வேண்டும் தலைவரின் தோளில் துணியைப் போர்த்த எவரும் முன்வரவில்லை. பயன் கருதி மட்டும் பேணப்படுவது, அதனினும் எளிதான ஒன்று வந்ததும் கைவிடப்படும். உறவின் கடமைகளோடு பிணைந்தது எளிதில் அழியாது. மொழியைப் பேண விழையும் நாமும் இதனை எண்ணிப் பார்த்தல் தகும். திருமண அழைப்பிலும் துயர் விசாரிப்பிலும் தமிழ் நம் வீட்டில் ஒலிக்கும்வரை, அதன் இடத்தை வேறொன்று நிரப்ப இயலாது.